அவர் வீசியிருந்தால்

வாஷிங்டன் நேஷனல்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்கள் குளிர்காலத்தில் கூடினால், பேச்சு எந்த இளம் பிட்சரில், அதாவது பந்துவீச்சாளரில், தொடங்கினாலும் கடைசியில் 2012க்கு வந்து நிற்கும். ஆட்டமே இல்லாத மாதங்கள் அவை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அணி நிர்வாகங்கள் யாரை வாங்குவது, யாரை விடுவது, மைனர் லீகில் வளரும் எந்தப் பையனை யாருக்குக் கொடுப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கை வைத்து ரசிகர்கள் போடும் சண்டைக்கு அமெரிக்காவில் ‘ஹாட் ஸ்டவ் லீக்’ என்றே பெயர். வாஷிங்டனில் அந்தச் சண்டைகளுக்குள் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: ஸ்ட்ராஸ்பர்க் மட்டும் அன்று வீசியிருந்தால்.

வாக்கியம் சின்னது, அதற்குள் இருக்கும் கேள்வி பெரியது. நடக்காத ஒன்றைப் பற்றி ‘இப்படித்தான் நடந்திருக்கும்’ என்று ஒருவர் சொல்லும்போது, அது உண்மையாகவோ பொய்யாகவோ இருக்க முடியுமா? உண்மை என்றால் அதற்குச் சாட்சி எது? மனிதருக்குத் தெரியாவிட்டாலும் கடவுளுக்காவது தெரியுமா? பதினாறாம் நூற்றாண்டின் கத்தோலிக்க இறையியலாளர்கள் இதே கேள்விக்காக ரோம்வரை போய் வழக்காடினார்கள்.

முதலில் நடந்ததைப் பார்க்கலாம். 2008, 2009 இரண்டு ஆண்டுகளிலும் நூறு ஆட்டங்களுக்கு மேல் தோற்ற அணி நேஷனல்ஸ். 2008இன் தோல்விக்குக் கிடைத்த பலன், இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், 2009இல் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. சான் டியாகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வீசிக்கொண்டிருந்த ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கை எடுத்தார்கள். 1 கோடியே 51 லட்சம் டாலர் ஒப்பந்தம். டிராஃப்டில் எடுக்கப்பட்ட எவருக்கும் அதுவரை அவ்வளவு கொடுத்ததில்லை. 2010 ஜூன் 8, பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்கு எதிராக முதல் ஆட்டம். 14 பேட்டர்களை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், தவறான பந்துகள் வீசி ஒருவரைக்கூட முதல் பேஸுக்கு இலவசமாக நடக்க விடவில்லை. கடைசியாக எதிர்கொண்ட ஏழு பேரும் வரிசையாக ஸ்ட்ரைக் அவுட். கிறிஸ்துமஸை நினைத்து அந்த நாளுக்கு ‘ஸ்ட்ராஸ்மஸ்’ என்று ரசிகர்கள் பெயர் வைத்திருந்தார்கள். மீட்பர் பிறந்த நாளின் பெயரை 21 வயதுப் பையனின் வலது கைக்குச் சூட்டினார்கள் என்றால், அந்த நகரம் எவ்வளவு காலம் காத்துக் கிடந்தது என்பதை அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். அதற்கு முன் வாஷிங்டன் கடைசியாக பேஸ்பால் கோப்பையான உலகத் தொடரை வென்றது 1924இல்.

அந்தக் கை அந்த ஆகஸ்ட் மாதத்தையே தாண்டவில்லை. 21ஆம் தேதி பிலடெல்பியாவில், ஐந்தாவது இன்னிங்ஸில் டொமோனிக் பிரவுனுக்கு சேஞ்சப் என்ற மெதுவான பந்து ஒன்றை வீசினார். பந்து கையை விட்டதும் முகம் சுளித்தது, கையை உதறினார். மருத்துவ உதவியாளர் ஓடி வந்தார். முழங்கையின் உள்பக்கத்து ஜவ்வு கிழிந்திருந்தது.

இந்த ஜவ்வைச் சும்மா தைத்து ஒட்டவைத்தால் பெரும்பாலும் போதாது. முன்கையிலிருந்தோ தொடையின் பின்பக்கத்திலிருந்தோ ஒரு தசைநாணை வெட்டி எடுப்பார்கள். மேற்கை எலும்பிலும் முன்கை எலும்பிலும் துளை போட்டு, எடுத்த நாணை 8 வடிவத்தில் கோத்து இழுத்துக் கட்டுவார்கள். 1974 செப்டம்பர் 25 அன்று டாக்டர் ஃபிராங்க் ஜோப் இதை முதன்முதலில் டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்தார். அவர் திரும்பவும் வீச நூற்றில் ஒரு வாய்ப்புத்தான் என்று டாக்டரே கணித்திருந்தார். டாமி ஜான் 1976இல் திரும்பி வந்து 1989வரை வீசினார். அறுவைக்குப் பிறகு மட்டும் 164 வெற்றிகள். அந்த அறுவைக்கு இன்றும் அவர் பெயர்தான். ஸ்ட்ராஸ்பர்க்குக்கு அது 2010 செப்டம்பர் 3 அன்று நடந்தது.

இனி 2012. இடம் மாற்றிக் கட்டிய நாணுடன் ஸ்ட்ராஸ்பர்க் வீசும் முதல் முழு சீசன். சுமார் 160 இன்னிங்ஸ் ஆனதும் நிறுத்திவிடுவோம் என்று ஜெனரல் மேனேஜர் மைக் ரிசோ முன்கூட்டியே சொல்லிவிட்டார். பேஸ்பாலில் எதிரணியில் மூன்று பேர் அவுட்டானால் ஒரு இன்னிங்ஸ் முடிந்தது; ஒரு பிட்சரின் கை எவ்வளவு உழைத்தது என்பதை அந்தக் கணக்கில்தான் சொல்வார்கள். ஜோர்டன் ஜிம்மர்மன் என்ற இன்னொரு பிட்சரும் இதே அறுவைக்குப் பிறகு 2011இல் இதே அளவில் நிறுத்தப்பட்டு நன்றாகத் திரும்பியிருந்தார். ஆனால் 2011இல் நேஷனல்ஸ் கோப்பைக்கான அக்டோபர் பிளேஆஃப் பக்கமே போகவில்லை. 2012இலோ 98 வெற்றிகளுடன் பிரிவின் முதலிடம். 1933க்குப் பிறகு வாஷிங்டனுக்கு முதல் பிளேஆஃப். ஸ்ட்ராஸ்பர்க் 159⅓ இன்னிங்ஸில் 197 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, செப்டம்பர் 7 அன்று கடைசியாக வீசினார். பிறகு உட்கார வைக்கப்பட்டார். அவருக்கு அதில் சம்மதமில்லை; வெளிப்படையாகவே சொன்னார்.

அக்டோபர் 12 இரவு, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் ஐந்தாவது, கடைசி ஆட்டம். மூன்று இன்னிங்ஸ் முடிவில் நேஷனல்ஸ் 6-0. ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது 7-5. பந்து ட்ரூ ஸ்டோரன் கையில். இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் போதும் என்ற நிலை ஒருமுறைக்குமேல் வந்தது. யாடியர் மொலினா நடந்தார், டேவிட் ஃப்ரீஸ் நடந்தார். டேனியல் டெஸ்கால்சோ அடித்த பந்து இயன் டெஸ்மண்டின் கையுறையில் பட்டுத் தெறித்தது, ஆட்டம் சமன். பீட் கோஸ்மா அடித்ததில் இன்னும் இரண்டு ரன். 9-7.

அன்றிலிருந்து ரசிகர்கள் இரண்டு கட்சி. ஸ்ட்ராஸ்பர்க் வீசியிருந்தால் அந்த ஆண்டே கோப்பை வந்திருக்கும் என்கிறது ஒன்று. அவரை நிறுத்தியதால்தான் கை பிழைத்தது, 2019இல் கோப்பை வந்தது என்கிறது மற்றொன்று. 2019 பிளேஆஃபில் அவர் 5-0. ஒரே பிளேஆஃபில் ஐந்து வென்று ஒன்றும் தோற்காத முதல் பிட்சர். உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், ஹூஸ்டனில், முதல் இன்னிங்ஸில் இரண்டு ரன் கொடுத்தார். எந்தப் பந்து வரப்போகிறது என்பது அவர் பிடியிலேயே எதிரணிக்குத் தெரிந்துவிடுகிறது என்று பயிற்சியாளர் எச்சரித்தார். அதற்குப்பின் ஒவ்வொரு பந்துக்கு முன்பும் கையுறையை ஆட்டி மறைத்தபடி வீசினார். 8⅓ இன்னிங்ஸில் வேறு ரன்னே இல்லை. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான்.

இரண்டு கட்சியும் ஒரே வகை வாக்கியத்தின் மேல்தான் நிற்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ‘வீசியிருந்தால் வென்றிருப்போம்.’ ‘வீசியிருந்தால் கை போயிருக்கும்.’ இரண்டுமே நடக்காதவை. முதல் வாக்கியத்தைத் தொட்டுப் பார்த்தாலே ஆடுகிறது. அக்டோபரில் ஸ்ட்ராஸ்பர்க்கின் இடம் போய்ச் சேர்ந்தது ராஸ் டெட்வைலருக்கு. நான்காவது ஆட்டத்தில் அவர் ஆறு இன்னிங்ஸில் கொடுத்தது ஒரே ரன், அதுவும் ஃபீல்டிங் பிழையால் வந்தது. கடைசி இன்னிங்ஸில் ஜேசன் வெர்த் 13வது பந்தை வெளியே தூக்கி அடித்து 2-1 என்று முடித்தார். ஐந்தாவது ஆட்டத்தில் ஆறு ரன் முன்னிலையைப் பறிகொடுத்ததற்கும் முதலில் வீசும் பிட்சர் இல்லாததற்கும் நேர்த் தொடர்பு இல்லை. 8-0 என்று தோற்ற மூன்றாவது ஆட்டத்தை வேண்டுமானால் காட்டலாம். ஆனால் அணி ஒரு ரன்கூட எடுக்காத நாளில் யார் வீசி வென்றுவிட முடியும்?

ரோம்வரை போன அந்தப் பழைய வழக்கு இங்கேதான் உதவும். அதைத் தொடங்கி வைத்த லூயிஸ் தெ மொலினா ஸ்பெயின் நாட்டு இயேசு சபைத் துறவி. 1588இல் லிஸ்பனில் வெளிவந்த அவருடைய ‘கன்கார்டியா’ என்ற நூல், மனிதருக்குச் சுதந்திரமும் இருந்து கடவுளுக்கு முன்னறிவும் இருப்பது எப்படி என்று கேட்டது. அவர் தந்த விடை இது: என்னவெல்லாம் நடக்கக்கூடும் என்று கடவுளுக்குத் தெரியும்; என்ன நடக்கப்போகிறது என்றும் தெரியும்; இவ்விரண்டுக்கும் நடுவே, இன்ன மனிதனை இன்ன நிலையில் வைத்தால் அவன் தன் விருப்பப்படி என்ன செய்வான் என்பதும் தெரியும். அந்த நிலை ஒருபோதும் வராவிட்டாலும் தெரியும். இதற்கு மறைநூல் சான்றாக அவர் பக்கத்தார் காட்டியது தாவீதின் கதை. சவுலுக்குத் தப்பி கேகிலா என்ற ஊரில் இருந்த தாவீது, சவுல் இங்கே வருவாரா, இந்த ஊரார் என்னைப் பிடித்துக் கொடுப்பார்களா என்று கடவுளைக் கேட்கிறார். வருவார், கொடுப்பார்கள் என்று விடை. தாவீது ஊரை விட்டுப் போய்விடுகிறார். சவுல் வரவில்லை, யாரும் பிடித்துக் கொடுக்கவுமில்லை. நடக்காத ஒன்றைப் பற்றிக் கடவுள் சொன்ன சொல், உண்மையான சொல்.

தொமினிக்கன் சபையினர் இதை ஏற்கவில்லை. டொமிங்கோ பானியெஸ் தலைமையில் எதிர்த்தார்கள். ஒரு மனிதன் என்ன செய்வான் என்பது கடவுளின் சித்தத்துக்கு முன்பே முடிவாகிக் கிடந்தால், கடவுளே அந்த மனிதனைப் பார்த்துக் கற்றுக்கொள்பவராகிவிடுகிறார் அல்லவா என்பது அவர்கள் வாதம். ரோமில் கர்தினால்கள் ஆண்டுக்கணக்கில் விசாரித்தார்கள். 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எவரையும் குற்றவாளி என்று சொல்லாமல் விசாரணையை முடித்து, ஒருவரையொருவர் வேதவிரோதி என்று ஏசக் கூடாது என்று இரு சபையாருக்கும் கட்டளையிட்டார். தீர்ப்பை உரிய காலத்தில் சொல்வதாகச் சொன்னார், இதுவரை வரவில்லை. இயேசு சபையின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் தொமினிக்கன் சபையின் கல்வி இல்லமும் இன்று இருப்பது நேஷனல்ஸின் ஊரான அதே வாஷிங்டனில்தான்.

1977இல் ராபர்ட் ஆடம்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவவாதி மொலினாவின் விடையின் அடித்தளத்தையே கேட்டார். நடந்தது உண்மை என்றால் நடந்தது என்பதே அதற்கு ஆதாரம். நடக்கப்போவதற்கு ஒரு நாள் ஆதாரம் வரும். ஆனால் நடக்கவே நடக்காத, ஒரு மனிதரின் சுதந்திரத்தைச் சார்ந்த செயலுக்கு எது ஆதாரம்? கேகிலா ஊராரின் குணத்தை வைத்துப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பார்கள் என்று சொல்லலாம். நிச்சயமாகக் காட்டிக்கொடுப்பார்கள் என்று சொல்ல எதுவும் இல்லை. ஆடம்ஸ் பக்கம்தான் வலு இருக்கிறது. ஸ்ட்ராஸ்பர்க் அக்டோபரில் வீசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எங்கோ எழுதி வைக்கப்பட்டு நம் கண்ணுக்கு மறைந்திருக்கும் உண்மை அல்ல. அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை. மொலினாவே சரி என்று வைத்துக்கொண்டாலும், அந்த அறிவு கடவுளுக்குரியது என்றுதான் அவரும் சொன்னார். ரசிகருக்கோ ஜெனரல் மேனேஜருக்கோ அதில் பங்கு இல்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு மற்ற பிட்சர்களின் கைகளே சாட்சி. அதே 2012இல், அதே பிரிவில், அட்லாண்டா பிரேவ்ஸிடம் கிறிஸ் மெட்லன் இருந்தார். அவருக்கும் 2010 ஆகஸ்டில் அதே அறுவை. பிரேவ்ஸ் வேறு வழி பார்த்தார்கள்: சீசனின் முதல் பாதியில் ஓரிரண்டு இன்னிங்ஸ் மட்டும் கொடுத்து, ஜூலை கடைசியில்தான் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக்கினார்கள். அக்டோபருக்குக் கை மிச்சமிருந்தது. 10 வெற்றி, 1 தோல்வி. வாஷிங்டன் ரசிகர்கள் நிர்வாகத்திடம் கேட்டதும் இதைத்தான். ஆனால் அக்டோபர் 5 அன்று, தோற்றால் வெளியேற்றம் என்ற ஒற்றை ஆட்டத்தில் மெட்லன் வீசியும் பிரேவ்ஸ் அதே கார்டினல்ஸிடம் தோற்றார்கள். 2014 மார்ச்சில் மெட்லனின் முழங்கைக்கு இரண்டாவது அறுவை.

எதிர்த் திசையில் நியூயார்க் மெட்ஸின் மேட் ஹார்வி. 2013 அக்டோபரில் அறுவை, 2015இல் திரும்பினார். 180 இன்னிங்ஸோடு நிறுத்த வேண்டும் என்றார் அவருடைய ஏஜென்ட் ஸ்காட் போராஸ். ஸ்ட்ராஸ்பர்க்குக்கும் அவர்தான் ஏஜென்ட். நியூயார்க் கொதித்தது. ஹார்வி பிளேஆஃபையும் சேர்த்து 216 இன்னிங்ஸ் வீசினார். நவம்பர் 1 அன்று, உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், எட்டு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் வீசியவரை மாற்ற மேனேஜர் டெர்ரி காலின்ஸ் நினைத்தார். முடியாது, ஒன்பதாவதும் எனக்கே என்று ஹார்வி மன்றாடினார். அரங்கம் அவர் பெயரைக் கத்திக்கொண்டிருந்தது. காலின்ஸ் மனம் இளகி விட்டுக்கொடுத்தார். 2-0 என்ற முன்னிலை அந்த இன்னிங்ஸிலேயே கரைந்து, 12வது இன்னிங்ஸில் கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் 7-2 என்று தொடரையே வென்றது. அடுத்த ஜூலையில் ஹார்விக்குத் தோளருகே நரம்பும் ரத்தக் குழாயும் நெரிபடும் நோய்க்கு அறுவை. அதன்பின் பழைய ஹார்வி வரவே இல்லை.

இது நிறுத்தாததன் விளைவு என்று அடித்துச் சொல்லத் தோன்றும். ஆனால் 2021 ஜூலையில் ஸ்ட்ராஸ்பர்க்குக்கும் அதே நோய், அதே அறுவை. காப்பாற்றி வைக்கப்பட்ட கையும் தாராளமாகச் செலவழிக்கப்பட்ட கையும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. இடையில் கிடைத்த ஆண்டுகள் வேறு, உண்மைதான். அந்த ஆண்டுகள் எதனால் கிடைத்தன என்று நிரூபிக்க யாராலும் முடியாது.

குளிர்காலத்து முடிவுகளும் இப்படித்தான். 2016 டிசம்பரில், வாஷிங்டனுக்குப் பக்கத்திலேயே நடந்த குளிர்காலக் கூட்டத்தில், நேஷனல்ஸ் தங்கள் மூன்று இளம் பிட்சர்களை, லூகஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபஸ், டேன் டன்னிங், சிகாகோ வைட் சாக்ஸுக்குக் கொடுத்து ஆடம் ஈட்டனை வாங்கினார்கள். ரசிகர்கள் கொந்தளித்தார்கள். அடுத்த ஏப்ரலிலேயே ஈட்டனின் முழங்கால் ஜவ்வு கிழிந்தது, பார்த்தீர்களா என்றார்கள். 2018இல் ஜியோலிட்டோ ரன் கொடுக்கும் சராசரியில் அந்த லீகிலேயே மிக மோசமாக முடித்தார், 6.13; பார்த்தீர்களா என்றது எதிர்க்கட்சி. 2019 உலகத் தொடரில் ஈட்டன் இரண்டு ஹோம் ரன் அடித்தார். 2020 ஆகஸ்ட் 25 அன்று ஜியோலிட்டோ எதிரணிக்கு ஒரு ஹிட்டும் கொடுக்காமல் ஒரு முழு ஆட்டத்தை வீசி முடித்தார். ஒரே முடிவு, நான்கு ஆண்டுகளில் நான்கு தீர்ப்பு. முடிவு எடுக்கப்பட்ட அன்று மேசையில் இருந்த தகவல்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

2019 டிசம்பர் இன்னும் கடுமையான பாடம். கோப்பை வந்த கையோடு ஸ்ட்ராஸ்பர்க்கும் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர் ஆந்தனி ரெண்டானும் சந்தைக்கு வந்தார்கள். இருவரையும் வைத்துக்கொள்ளப் பணம் இல்லை என்றது உரிமையாளர் தரப்பு. ஸ்ட்ராஸ்பர்க்குக்கு ஏழு ஆண்டுக்கு 24 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்தது நேஷனல்ஸ். அதே வாரம் அதே ஏழு ஆண்டுக்கு அதே தொகையை ரெண்டானுக்குக் கொடுத்தது லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ். அந்த ஒப்பந்தத்தில் ஸ்ட்ராஸ்பர்க் வீசியது எட்டே ஆட்டங்கள், 31⅓ இன்னிங்ஸ். 2022 ஜூன் 9 கடைசி, 2024இல் ஓய்வு. தவறான ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று சொல்ல வாயெடுத்த ரசிகர் மேற்கே திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. ரெண்டானும் ஆண்டுக்கு ஆண்டு காயத்தில் கிடந்தார். முழு சீசன் என்று ஒன்று அவருக்கு வாய்க்கவே இல்லை.

நடக்காததைப் பற்றிப் பேசவே கூடாதா? முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் உள்ள ஒரு நபிமொழி, துன்பம் நேர்ந்தபின் ‘அப்படிச் செய்திருந்தால்’ என்று சொல்ல வேண்டாம், அந்தச் சொல் ஷைத்தானுக்கு வழி திறந்துவிடும் என்று எச்சரிக்கிறது. பிரிட்டன் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் வேறு பக்கத்திலிருந்து வந்தார்: தன் தவறு எதுவும் இல்லாமல் ஒரு குழந்தையை மோதிவிட்ட லாரி ஓட்டுநர், ‘நான் என்ன செய்வேன்’ என்று உடனே தோளைக் குலுக்கிவிட்டுப் போனால் நாம் அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்போம். வருந்துவது அவர் கடமை, தவறு இல்லாதபோதும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. 2012க்காக வருந்தும் ரசிகர் மூடர் அல்லர். அந்த வருத்தம் அன்பின் மறுபக்கம். வருத்தம் தீர்ப்பாக மாறும் இடத்தில்தான் ஷைத்தான் நுழைகிறான். ஒன்பதாவது இன்னிங்ஸுக்காக ஸ்டோரனும், காயம்பட்ட கையோடு சம்பளம் வாங்கியதற்காக ஸ்ட்ராஸ்பர்க்கும் வாங்கிய வசவுகள் கொஞ்சநஞ்சமல்ல.

தீர்ப்பு சொல்லத் தகுந்தது ஒன்று உண்டு: முடிவெடுத்த விதம். அது விளைவுக்கு முன்னாலேயே முழுசாகக் கண்ணுக்குத் தெரிந்தது. 2012 ஏப்ரலிலேயே இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கலாம். 160 இன்னிங்ஸ்தான் என்று தெரிந்த பின், அவற்றை ஏன் செப்டம்பரிலேயே தீர்ந்துபோகும்படி அடுக்க வேண்டும்? நிறுத்தி நிறுத்தி வீசுவதைவிட ஒரே சீராக வீசுவதுதான் இந்தக் கைக்குப் பாதுகாப்பு என்பது நிர்வாகத்தின் பதில். அந்தப் பதிலில் நியாயம் உண்டு. இரண்டாவது கேள்விக்குப் பதில் சரியாக வரவில்லை: கைக்குச் சொந்தக்காரர் என்ன சொன்னார்? 24 வயது ஆள்; தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் வயது. அவரைச் சம்மதிக்க வைக்க ஒரு முழு சீசன் அவகாசம் இருந்தது. கடைசியில் அவர் மனம் கசந்து உட்கார்ந்தார். கோப்பை வந்திருந்தாலும் அது குறைதான். வராததால் கூடிவிடவும் இல்லை. அதே சமயம், கோப்பைக்கான தாகம் உச்சத்தில் இருந்த ஊரில், ஓர் இளைஞனின் முழங்கையை அக்டோபருக்குப் பலி கொடுக்க மறுத்த ரிசோவின் பிடிவாதம் பாராட்டுக்குரியது. சிகாகோ கப்ஸில் மார்க் ப்ரையர் 2003 சீசனை 22 வயதில் தொடங்கி 211⅓ இன்னிங்ஸும் அதற்குமேல் பிளேஆஃபும் வீசினார். 2006க்குப் பிறகு மேஜர் லீகில் ஒரு பந்தும் வீசவில்லை. நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. நிறுத்தலாமா என்று கேட்டுப் பார்க்க அவருக்காக யாரும் பிடிவாதம் பிடிக்கவில்லை என்று வருந்தலாம்.

ரிசோ 2025 ஜூலையில் பதவி நீக்கப்பட்டார். நேஷனல்ஸ் நம்பி வளர்த்த கேட் கவல்லிக்கு 2023இலும் ஜோசியா கிரேவுக்கு 2024இலும் அதே முழங்கை அறுவை நடந்திருக்கிறது. கவல்லி 2025 ஆகஸ்டில் மேஜர் லீகுக்குத் திரும்பிவிட்டார். அவரை எத்தனை இன்னிங்ஸ் வீசவிடுவது, யாரைக் கொடுத்து யாரை வாங்குவது என்று ரசிகர்கள் மறுபடி கட்சி பிரிந்து வாதாடுகிறார்கள். வாதாடட்டும். அடுத்த அக்டோபரில் பிடித்துக்கொள்ள ஒரு ‘வீசியிருந்தால்’ கிடைப்பதற்கு முன்பே, புதிய நிர்வாகம் அந்தப் பிட்சரோடு உட்கார்ந்து பேசியதா, மருத்துவர் சொன்னதை அவருக்கு முழுசாகச் சொன்னதா, அவர் ஒப்புக்கொண்டாரா என்பதையும் இந்தக் குளிர்காலத்திலேயே கேட்கட்டும்.